வெள்ளை மண் நீலமான காலை

மகள் நேற்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு ஜாம் போத்தலில் மண் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். அவள் விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவள். கல், மண், புழு, பூச்சி என்று எதையாவது வீட்டுக்குள் கொண்டுவராத வாரம் கிடையாது. புக்கிட் செலம்பாவ் பக்கம் வீடு கட்டச் சதுப்பு நிலத்தை வெட்டுகிறார்களாம். அங்கே மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிற ஒருவர் தன் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாராம். மூடியைத் திறந்தாள். மக்கிய இலையும் சேறும் கலந்த வாடை வந்தது. கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். நீலம். கையிலிருந்த கீரை தரையில் விழுந்துவிட்டது.

"என்னம்மா, பேயக் கண்ட மாதிரி பாக்குறீங்க? வெறும் மண்ணுதான் லா," என்று சிரித்தாள்.

எனக்கு உடனே, தோட்டத்துக் கூட்டாளி உன்னைத்தான் கூப்பிடத் தோன்றியது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். உனக்கு எழுத்து வாசனை கிடையாது. நீ உயிரோடு இருந்து இந்தக் கடிதம் வந்திருந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்லியிருப்பாய். நானும் வேண்டாத வரிகளை விழுங்கிவிட்டுப் படித்திருப்பேன். இப்போது அந்த வசதி இல்லை.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டான். ரப்பர் தோட்டம் கிராணி கையில் இருந்தது. அதுவரை ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுத்து, துரையின் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை என்று பாதி மரங்களை வெட்டி மரவள்ளி நடச் சொன்னார்கள். ஆண்களை லோரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். உன் புருஷன் முதல் லோரியிலேயே போய்விட்டான். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆண்கள் செய்த வடிகால் வேலை நம் தலையில் விழுந்தது. லோரிச் சத்தம் கேட்டால் நாம் குடியிருந்த லயத்து வீடுகளில் அடுப்பு அணையும். குமரிப் பெண்கள் முகத்தில் கரியை அப்பிக்கொள்வார்கள். அது ஊருக்கெல்லாம் பொதுவான பயம். எனக்கென்று தனியாக ஒன்று இருந்தது. அடுத்த லோரிக்கான பட்டியலில் என் அண்ணன் பெயர் ஏறியிருந்தது.

உனக்கு அவனைத் தெரியும். குளிர்காய்ச்சல் வந்து வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தவன். அப்பா அம்மா போனபிறகு எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். சயாமுக்குப் போனால் பத்து நாள் தாங்க மாட்டான் என்று நீயே என்னிடம் சொல்லி அழுதாய்.

அந்த நாளில்தான் கிராணி லயத்துக்கு வந்து நின்றார். நாளை மறுநாள் காலையில் சுங்கைப் பட்டாணியிலிருந்து அதிகாரி ஒருவன் வருகிறான், ஆபீஸ் முகப்பில் அவர்கள் கொடி இருக்க வேண்டும் என்றார். நாமே சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம்; கொடிக்குத் துணி ஏது? துரை பங்களாவின் கதவுப் பலகையில் வெள்ளை பூசி, நடுவில் சிவப்பு வட்டம் போட்டு மாட்டிவிடலாம் என்பது அவர் யோசனை.

"வட்டம் கோணாமப் போடுறவ யாரு?" என்று கேட்டார். லயமே உன்னைக் காட்டியது. மாரியம்மன் கோவில் வாசலில் நீ போடுகிற தேர்க்கோலத்தின் சக்கரத்தைப் பார்த்தவர்கள் வேறு யாரைக் காட்டுவார்கள்? நூல் பிடிக்காமல், ஒரே கை வீச்சில் போடுவாய்.

சிவப்புக்குக் கோவில் குங்குமம் இருந்தது. வெள்ளைக்குத்தான் வழியில்லை. சுண்ணாம்பு டவுனிலேயே கிடைக்கவில்லை. ரப்பர் பாலைப் பூசினால் காய்ந்ததும் மஞ்சளாகப் பழுத்துவிடும். கிழங்கு மாவுக் கூழோ காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகி மரத்தின் நிறமே தெரியும். கிராணிக்கு வேர்த்துக் கொட்டியது. பலகை தப்பாய்ப் போனால் முதல் அடி அவருக்குத்தான். போகும்போது, உன் கூடவே திரிகிற என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வெள்ளைக்கு வழி பண்ணு. பலகைய என் கண்ணால பாத்துட்டு ஒங்கண்ணன் பேர அடிச்சிட்டுத்தான் பட்டியல அனுப்புவேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. உன் புருஷனை ஏற்றிவிட்ட அதே கிராணியிடம் நான் என் அண்ணனுக்குப் பேரம் பேசியதை எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் காலையில் ஆற்றோரத் தாழ்வில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தோம். இடுப்பளவு பள்ளம், கறுப்புச் சேறு. என் மண்வெட்டியில் ஏதோ முறிந்தது. பார்த்தால் பழைய எலும்பு. அதன் பொந்துக்குள்ளும் சுற்றியிருந்த சேற்றிலும் வெள்ளைவெள்ளையாய்க் கட்டிகள். தோட்டம் திறந்த காலத்தில் கொள்ளைக் காய்ச்சலில் செத்தவர்களை அந்தப் பக்கம்தான் புதைத்தார்கள் என்று கிழங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். நீ குனிந்து ஒரு கட்டியை எடுத்தாய். நகத்தால் கீறினாய், நாமக்கட்டியைவிட மெத்தென்று கீறல் விழுந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாய்.

"ஏ புள்ள! கோலமாவு கணக்கால்ல இருக்கு!"

"வேணாம்டி. எலும்புல இருந்து வந்தது."

"எரும எலும்புடி அது. செத்த எரும என்னா செய்யப் போகுது? இருக்கிறவன்தான் செய்வான்."

நம் பெண்களுக்கு அது ஒரு வியாதி. விரலில் ஒட்டுகிற வெள்ளை எதைக் கண்டாலும் வாசலில் இழுத்துப் பார்க்கத் தோன்றும். அரிசி மாவு ஒழிந்த அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை வடிகால் மண்ணை எடுத்துக் கோலம் போட்டிருக்கிறோம்! எல்லா வெள்ளையும் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த நம்பிக்கையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஈரத்தோடு அள்ளி, மேலே சேம்பு இலையை மூடிக்கொண்டு வந்தோம்.

இனி எழுதப்போவதைத்தான் இத்தனை வருஷம் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நீ மண்ணைக் குழைக்கக் கூழ் காய்ச்சப் போனாய். நான் ரப்பர் புகை போடும் கொட்டகைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். கட்டைவிரல் நகத்தோரம் காய்ந்திருந்த மண் கண்ணில் பட்டது. அது வெள்ளையாக இல்லை. துணிக்குப் போடுகிற நீலத்தைத் தொட்டது போல் இருந்தது. சாக்கில் அழுத்தித் தேய்த்தேன். நீலம்தான். ஓடிப்போய் டின்னைத் திறந்தேன். இலை விலகிய ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு மண் நீலம் பாய்ந்திருந்தது. விரலைவிட்டுக் கிளறினால் உள்ளே பழையபடி வெள்ளை. வெளிச்சம் பட்டால் மாறுகிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் ஒன்றும் மக்கு இல்லை.

உன்னைக் கூப்பிட வாய் வந்தது. அங்கிருந்து பார்த்தால் ஆபீஸ் ஜன்னல் தெரியும். கிராணி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலம்வரை வெள்ளையாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரே ஒரு சாயங்காலம். அதற்குமேல் என்ன ஆகும், யார் தலையில் விடியும் என்று நான் யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் அந்த நீலத்தை வழித்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். நகத்தில் இருந்தது போகவில்லை. ஒரு கந்தலைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டேன்.

நீ கூழோடு வந்ததும் கண்டுபிடித்தாய். "வெரல்ல என்னாடி?"

"வெட்டிக்கிட்டேன்."

"ஒனக்குக் கட்டக்கூடத் தெரியல பாரு. குடு இப்பிடி," என்று கந்தலை இறுக்கிக் கட்டிவிட்டாய். வலிக்கிறதா என்று கேட்டாய். வலிக்கிறது என்றேன்.

கொட்டகைக்குள் இருட்டு. அங்கேதான் அரைத்தோம், அங்கேதான் பூசினோம். வெளியே வெளிச்சத்தில் பூசலாமே என்று நீ சொன்னபோது, தூசி படியும் என்று நான்தான் தடுத்தேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு குங்குமத்தில் வட்டம் போட்டாய். அவ்வளவு நேர்த்தியாய் இருந்தது. கிராணி வாசலில் நின்றபடியே பார்த்து, "பேஷ்" என்றார். என் முன்னாலேயே அண்ணன் பெயரை அடித்தார். சைக்கிள்காரன் பட்டியலை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். பலகை உடைந்துவிட்டது, கறையான் அரித்துவிட்டது என்று ஏதாவது பொய் சொல்லி இருவருமாகத் தப்பியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால், மத்தியானமே தெரியுமாடி என்று நீ கேட்பாய். அதற்குப் பயந்தேன்.

விடிந்ததும் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு எல்லாரையும் ஆபீஸ் முன்னால் நிற்க வைத்தார்கள். பலகை முகப்பில் கிழக்குப் பார்த்து மாட்டப்பட்டிருந்தது. அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு லோரியில் வந்தான். முதலில் அவர்கள் ராஜா இருக்கிற திக்கைப் பார்த்துக் குனிய வேண்டும். பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்தோம். நிமிர்ந்து மறுபடி ஆபீஸ் பக்கம் திரும்பியபோது, தண்ணீர் ஊற்றிய பாலில் வருமே ஒரு நீலம், அது பலகையின் கீழ் ஓரத்தில் ஓடியிருந்தது.

அதிகாரி பலகைக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தான். அவன் ஒரு வாக்கியம் சொல்வான். கிராணி நம்மைப் பார்த்தபடியே அதைத் தமிழில் சொல்வார். அவர்கள் இருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் பலகை தெரிந்தது. கூரை நிழல் விழுந்த மேல்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் மெல்ல மெல்ல நீலம் ஏறியது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. நீ என் பக்கம் திரும்பி, என்னடி இது என்று கண்ணாலேயே கேட்டாய். நான் தரையைப் பார்த்தேன். இடுப்பிலிருந்த ஒரு குழந்தை, "அம்மா, நீலம்!" என்று கையை நீட்டியது. தாய்க்காரி அதன் வாயைப் பொத்தினாள். அதிகாரி பேச்சை நிறுத்தினான். நம் கண்கள் போன திக்கில் திரும்பினான்.

அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சீனர்களின் கொடியிலும் நீலமும் சூரியனும் உண்டாம். கிராணி பிறகு சொன்னார். நமக்கு அது தெரியாது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது மட்டும் தெரிந்தது.

"யாரு பண்ணுனதுன்னு கேக்குறாரு," என்றார் கிராணி. அவருக்கு நம் இருவரையும் தெரியும். காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். கால் நகரவில்லை. நீ நகர்ந்துவிட்டாய்.

"நான்தான் அய்யா பூசினேன். வெள்ளையாத்தான் பூசினேன். இந்த மண்ணு இப்பிடி மாறும்னு எனக்குத் தெரியாதுங்க."

எனக்குத் தெரியும். பத்தடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அதிகாரி உன் இடது கன்னத்தில் அறைந்தான். அதே இடத்தில் இன்னொன்று. காதிலிருந்து ரத்தம் இறங்கியது. சிப்பாய்கள் உன் இரண்டு கையையும் பிடித்து லோரிப் பக்கம் இழுத்தார்கள். அந்த லோரியில் ஏறிய பெண் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ உதறிக்கொண்டு பலகைக்கு ஓடினாய். நகத்தால் பறபறவென்று கீறினாய். "உள்ள பாருங்க அய்யா, வெள்ளதான்! வெயிலு பட்டுத்தான் மாறுது! நீங்களே சுரண்டிப் பாருங்க!"

கிராணி திக்கித் திணறி அதை அவன் பாஷையில் சொன்னார். அதிகாரி இடுப்புக் கத்தியை எடுத்தான். உனக்குத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் பலகையில் ஒரு கோடு இழுத்தான். நீலத்துக்கு நடுவில் வெள்ளைக் கோடு. சிகரெட் பற்றவைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மாரியாத்தாளை வேண்டினேன். எதற்கு? அந்தக் கோடு நீலமாக வேண்டும் என்று. முதல் நாள் சாயங்காலம்வரை வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று வேண்டியதும் இதே வாய்தான். சிகரெட் தீர்ந்து இரண்டாவது பற்றவைக்கும்போது கோட்டில் இலேசாக நிறம் ஏறியிருந்தது. அவன் ஏதோ சொன்னான். சிப்பாய்கள் உன்னை விட்டுவிட்டார்கள். பலகையில் கொஞ்சம் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பலகையை எரிக்கச் சொல்லிவிட்டு, உன்னை உச்சிவெயில்வரை முட்டி போடவைத்துவிட்டுப் போய்விட்டான்.

நேற்று மகளிடம் விசாரித்தேன். அதன் பெயர் விவியனைட்டாம். இரும்பும் பாஸ்பேட்டும் தண்ணீரும் சேர்ந்து உண்டாகிற கனிமமாம். கண்ட இடத்தில் கிடைக்காதாம். காற்றுப் புகாத சேற்றில், எலும்போ சிப்பியோ மக்கிய இலையோ கிடக்கிற இடத்தில், வருஷக்கணக்கில் மெதுவாக உண்டாகுமாம். மண்ணுக்குள் இருக்கும்வரை நிறமில்லை. வெளியே எடுத்துக் காற்றும் வெளிச்சமும் பட்டால் உள்ளிருக்கிற இரும்பு மாறி நீலமாகும், நாளாக ஆகக் கறுத்துப்போகும் என்றாள்.

"மறுபடி வெள்ளையாகுமா?" என்று கேட்டேன்.

"ஆகாதும்மா. ஒரு தடவ மாறினா மாறினதுதான்."

"எலும்புலதான் வருமோ? மனுச எலும்பா இருந்தா?"

"எலும்புக்கு மனுஷன் என்ன, மாடு என்ன? எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க?" என்று என் முகத்தைப் பார்த்தாள். சும்மா கேட்டேன் என்றேன். நமக்கு முன்னால் கப்பலேறி வந்து காய்ச்சலில் செத்தவர்களின் எலும்பைத்தான் அரைத்துப் பூசினோமோ என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் அது இரண்டாவது பயம்தான்.

உன் இடது காது அன்றோடு போயிற்று. உன் புருஷனும் சயாமிலிருந்து திரும்பவே இல்லை. "மழ பேஞ்சாக்கூட எனக்குப் பாதி மழதான்" என்று நீயே உன்னைக் கிண்டல் செய்துகொள்வாய். என் அண்ணன் பிழைத்து, கல்யாணம் செய்து, நான்கு பிள்ளை பெற்றான். அவன் கல்யாணத்துக்கு நீதான் வாசல் கோலம் போட்டாய். உன்னோடு நடக்கும்போது நான் எப்போதும் வலது பக்கமாகவே வருவேன். என் கூட்டாளிக்கு எவ்வளவு கரிசனம் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பூமி பிளக்காதா என்றிருக்கும்.

சில சமயம் வேண்டுமென்றே இடது பக்கம் வந்து உட்காருவேன். கோவில் மேளத்துக்கு நடுவில், கோலா கெடாவுக்கு மீன் வாங்கப் போகிற பஸ் இரைச்சலில், அந்தக் காதுக்கு மெதுவாகச் சொல்லிவிடுவேன்: எனக்கு மத்தியானமே தெரியும்டி. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாய். சொல்லியாயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன். இப்படி எத்தனை தடவை ஏமாற்றியிருப்பேன் என்று கணக்கில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் நீ வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாய். நல்ல காது தலையணையில் புதைந்திருந்தது. செவிட்டுக் காது மேலே. இனி நாளில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கிராணியின் பேரம், நகத்து நீலம், வழித்துக் குழியில் போட்டது, நீ கட்டிவிட்ட கந்தல், ஒன்று விடாமல். அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். நீ கண்ணைத் திறந்தாய். மெல்லத் தலையைத் தூக்கி நல்ல காதை என் பக்கம் கொண்டுவந்தாய்.

"என்னமோ மொணங்குறியேடி. இந்தப் பக்கம் சொல்லு, கேக்குறேன்."

காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நீ காத்திருந்தாய்.

"ஒண்ணுமில்லடி. கஞ்சி குடிக்கிறியான்னு கேட்டேன்."

"குடு," என்றாய்.

மூன்று கரண்டி குடித்தாய். வாயைத் துடைத்துவிட்டேன். அப்பாடா, கேட்கவில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது பார், ஜப்பான்காரன் லோரி தோட்டத்தை விட்டுப் போனபோதுகூட அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. அந்த நிம்மதியைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.